அல்ஜீப்ரா கிளாஸ் ரூல்ஸ், ஒவ்வொன்னுக்கும் காரணத்தோட

ரெண்டு நாளா ஒரே ஒரு தாளை எழுதறதும் அடிக்கறதுமா இருக்கேன். ஹைஸ்கூல் அல்ஜீப்ரா கிளாஸ்ல முதல் நாள் பசங்க கைல கொடுக்கிற தாள். நோட்டு எப்படி வைக்கணும், ஹோம்வொர்க் எப்ப தரணும், மார்க் எப்படிப் போடுவேன், டெஸ்ட்ல கோட்டை விட்டா அடுத்து என்ன வழி, எல்லாம் அதுல இருக்கும். நான் டீச்சரா சேர்ந்த புதுசுல இது மூணு பக்கம், மொத்தம் 23 ரூல். இப்ப ஒரு பக்கத்துல அடங்கிருச்சு, ஆனா அந்த மூணு பக்கத்துக்கு ஆன நேரத்தை விட இந்த ஒரு பக்கத்துக்குத்தான் அதிக நேரம் ஆகுது, ஏன்னா ஒவ்வொரு ரூலுக்கும் பக்கத்துலயே ஏன்னு ஒரு வரி எழுதியாகணும்னு எனக்கு நானே ஒரு கட்டாயம் வெச்சிருக்கேன்.

அந்தக் கட்டாயம் ஒரு பொண்ணால வந்துச்சு. போர்டுல சம் போட்டுட்டு இருந்தா, நடுவுல ஒரு ஸ்டெப்ல நிறுத்தி "இது எப்படி வந்துச்சு, எதை வெச்சு இப்படி செய்யலாம்னு சொல்ற"ன்னு கேட்டேன், எல்லார்ட்டயும் கேக்கறதுதான். அவ காரணத்தை சரியா சொல்லிட்டு, உக்காரறதுக்கு முன்னாடி, துளி திமிர் இல்லாம, நிஜமாவே தெரிஞ்சுக்கணும்ங்கற முகத்தோட, "மிஸ், நோட்டுல ரெண்டு பக்கமும் சிவப்புல மார்ஜின் போடணும்னு சொன்னீங்கல்ல, அது எதுக்கு"ன்னு கேட்டா. எங்கிட்ட பதில் இல்ல. நான் படிச்சப்ப எனக்கு அப்படி சொன்னாங்க, அதையே நான் இவங்களுக்கு சொன்னேன், அவ்ளோதான். அன்னிக்கு சாயங்காலம் 23 ரூலையும் முன்னாடி வெச்சுக்கிட்டு அவ கேட்ட அதே கேள்வியை ஒவ்வொன்னுகிட்டயும் கேட்டேன், பாதிக்கு மேல நிக்கல. காரணம் இல்லாத ஸ்டெப்புக்கு நான் மார்க் கொடுக்கறதில்ல, அப்ப காரணம் இல்லாத ரூலை மட்டும் பசங்க தலைல எப்படிக் கட்ட முடியும்? மிச்சம் நின்னது என்னென்ன, ஏன் நின்னுச்சுன்னு இங்க எழுதறேன், இன்னொரு டீச்சருக்கோ ஒரு பேரண்டுக்கோ உதவுச்சுன்னா சந்தோஷம்.

நான் விட்டே கொடுக்காத ரூல் எதுன்னு கேட்டா, சமக்குறி. ஒரு வரிக்கு ஒரே ஒரு ஈக்குவல்தான். பசங்க என்ன பண்றாங்கன்னா, 5 கூட 3 கூட்டி அதை ரெண்டால பெருக்கி 4 கழிக்கணும்னா, 5 + 3 = 8 × 2 = 16 − 4 = 12 அப்படின்னு ரயில் பெட்டி மாதிரி கோத்துக்கிட்டே போவாங்க. கடைசி விடை 12 சரிதான், ஆனா எழுதியிருக்கறதைப் படிச்சா 5 + 3ம் 12ம் ஒன்னுன்னு வருது. அவங்களுக்கு ஈக்குவல்ங்கறது "அடுத்து இது வரும்"னு காட்டற ஒரு அம்புக்குறி, சின்ன கிளாஸ்ல வருஷக்கணக்கா அப்படியே பழகிட்டாங்க, கூட்டல் கழித்தல் வரைக்கும் ஓடிரும். அல்ஜீப்ரால ஓடாது, ஏன்னா இங்க ஈக்குவல்தான் முழு விஷயமும், ரெண்டு பக்கமும் ஒரே எடைன்னு சொல்ற வாக்குமூலம் அது. 1557ல ராபர்ட் ரெக்கார்டுன்னு ஒருத்தர் முதல்முதலா இந்தக் குறியை அச்சுல போட்டப்ப ஏன் ரெண்டு இணைகோடுன்னு காரணமும் சேத்தே எழுதினார், ஒரே நீளமுள்ள ரெண்டு இணைகோட்டை விட சமமான ரெண்டு பொருள் வேற இருக்க முடியாதுன்னு. முதல் வாரம் இதை கிளாஸ்ல சொல்லிருவேன். ஒரு குறியைக் கண்டுபிடிச்ச ஆளே காரணம் சொல்லிட்டுத்தான் போட்டார்ங்கறது பசங்களுக்கு ரொம்பப் பிடிக்குது.

அடுத்தது "அந்தப் பக்கம் போனா சைன் மாறும்". இந்த வாக்கியத்துக்கு என் கிளாஸ்ல முதல் ஆறு வாரம் தடை. நெறைய பேருக்கு இது கோபம் வர்ற ரூல், டியூஷன்ல அப்படித்தானே சொல்லித் தர்றாங்க, வேகமாவும் போடலாமே, எதுக்கு தேவையில்லாத கெடுபிடின்னு கேப்பாங்க. நான் பாத்தது இதுதான்: 3எக்ஸ் = 12னு கொடுத்தா ஒரு பையன் எக்ஸ் = 12 / (−3)ன்னு எழுதி −4ன்னு முடிச்சான். ஏன்டா மைனஸ்னு கேட்டா "3 அந்தப் பக்கம் போகுதுல்ல மிஸ், சைன் மாறணும்ல". அவன் ரூலை அச்சு பிசகாம ஃபாலோ பண்ணிருக்கான், தப்பு அந்த ரூல்கிட்டதான். எதுவும் எங்கயும் போறதில்ல. ரெண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய்றோம், இந்தப் பக்கம் 5ஐ கழிச்சா அந்தப் பக்கமும் 5ஐ கழிக்கணும், இந்தப் பக்கம் 3ஆல வகுத்தா அந்தப் பக்கமும். என்ன செஞ்சோம்னு வலது ஓரத்துல சின்னதா எழுதணும், "இருபுறமும் − 5" அப்படின்னு. ஆறு வாரம் கழிச்சு ஷார்ட்கட் யூஸ் பண்ணட்டும், அதுக்குள்ள அது எதோட சுருக்கம்னு கைக்குத் தெரிஞ்சிருக்கும். அல்ஜீப்ராங்கற பேரே இந்த வேலையோட பேர்தான், 9ம் நூற்றாண்டுல பாக்தாத்ல இருந்த அல் குவாரிஸ்மிங்கற கணித மேதை எழுதின புத்தகத்தோட தலைப்புல வர்ற அல் ஜபர்ங்கற சொல்லுல இருந்து வந்தது, கழிச்சு கிடக்கறதை ரெண்டு பக்கமும் கூட்டி பழையபடி முழுசாக்கறதுன்னு அர்த்தம். ஒரு பாடத்தோட பேரே சொல்லிக் கொடுக்கற விஷயத்தை விட்டுட்டு சைன் மாறும்னு மட்டும் சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரல.

இன்ஈக்குவாலிட்டி, அதாவது ஈக்குவலுக்குப் பதிலா பெருசு சிறுசு குறி வர்ற கணக்கு வரும்போது இதே ரூல்தான் காப்பாத்தும். மைனஸால பெருக்கினா குறி திரும்பும்னு மனப்பாடம் பண்ணவங்க டெஸ்ட்ல பாதி நேரம் மறந்துருவாங்க, 2 < 5ஐ ரெண்டு பக்கமும் −1ஆல பெருக்கி −2வும் −5வும் நம்பர் லைன்ல எங்க நிக்குதுன்னு ஒரு தடவை கைப்பட வரைஞ்சு பாத்தவங்க மறக்க மாட்டாங்க.

வந்த விடையை திருப்பி கேள்விக்குள்ள போட்டுப் பாக்கணும், இது இன்னொரு ரூல். போட்டுப் பாத்ததைக் காட்டினா அதுக்கு தனியா மார்க் உண்டு. பழைய தாள்ல இதுக்கு "விடையைச் சரிபார்க்கவும்"னு மொட்டையா எழுதியிருந்தேன், யாரும் செய்யல, செஞ்சவங்களும் சும்மா டிக் போட்டு வெச்சாங்க. இப்ப ஏன்னு காட்டறதுக்கு ஒரு கணக்கையே தாள்ல போட்டுட்டேன்: ரூட்டுக்குள்ள எக்ஸ் + 6, அது எக்ஸுக்கு சமம். ரெண்டு பக்கமும் ஸ்கொயர் பண்ணி ஒழுங்கா போட்டா 3, −2ன்னு ரெண்டு விடை வரும், ஒரு ஸ்டெப்லயும் தப்பு இல்ல. ஆனா −2ஐ திருப்பிப் போட்டா இடது பக்கம் ரூட் 4, அதாவது 2, வலது பக்கம் −2. ஒத்து வரல. ஸ்கொயர் பண்ணும்போது மைனஸ் தொலைஞ்சு போனதால ஒரு விருந்தாளி உள்ள வந்துருச்சு, கேள்விக்கு சம்பந்தமில்லாதது. ஒரு தப்பும் பண்ணாமலே தப்பான விடை வரும்னு பாக்கறப்பதான் பசங்களுக்கு செக் பண்றதுல நம்பிக்கை வருது.

ஆனா இந்த செக் எல்லாத்தையும் பிடிச்சிராது, இதையும் பசங்ககிட்ட மறைக்காம சொல்லணும். எக்ஸ் ஸ்கொயர் = 5எக்ஸ், ரெண்டு பக்கமும் எக்ஸால வகுத்து எக்ஸ் = 5ன்னு முடிக்கறவங்க எத்தனை பேர். 5ஐ திருப்பிப் போட்டா 25 = 25, அழகா ஒத்து வரும், டிக் போட்டுட்டுப் போயிருவாங்க. எக்ஸ் = 0வும் ஒரு விடை, அது காணாமப் போனது செக்ல தெரியவே தெரியாது. அதனாலதான் அதுக்குப் பக்கத்துலயே இன்னொரு வரி: எழுத்தால வகுக்கறதுக்கு முன்னாடி இது பூஜ்யமா இருக்க முடியுமான்னு கேக்கணும். இருக்க முடியும்னா வகுக்காத, எல்லாத்தையும் ஒரு பக்கம் கொண்டு வந்து ஃபேக்டர் பண்ணு, அதாவது பெருக்கலா பிரிச்சு எழுது. கூடுதலா வந்த விடையை ஒரு ரூல் பிடிக்குது, தொலைஞ்சு போன விடையை இன்னொரு ரூல் பிடிக்குது, ரெண்டும் வேற வேற வியாதின்னு இப்படிப் பிரிச்சு சொல்ல எனக்கே கொஞ்ச வருஷம் ஆச்சு.

சந்தேகம் வந்தா நம்பர் போட்டுப் பாக்கலாம், டெஸ்ட்லயும் செய்யலாம். ஏ ப்ளஸ் பி ஹோல் ஸ்கொயர்னா ஏ ஸ்கொயர் ப்ளஸ் பி ஸ்கொயர்தானேன்னு கை போகும்போது 3ம் 4ம் போட்டுப் பாரு, ஒரு பக்கம் 49, ஒரு பக்கம் 25, நடுவுல இருக்கற டூ ஏபி எங்க போச்சுன்னு அதுவே கேக்கும். ஒரே நிபந்தனை, 0, 1, 2 இந்த மூணையும் போடாதீங்க. எக்ஸ் ஸ்கொயரும் 2எக்ஸும் ஒன்னுன்னு ஒருத்தர் தப்பா நெனச்சிருந்தா 2 போட்டாலும் ரெண்டும் 4, 0 போட்டாலும் ரெண்டும் 0, தப்பு சரின்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துரும்.

வேர்ட் ப்ராப்ளத்துக்கு முதல் வரில எக்ஸ்னா என்னன்னு முழு வாக்கியமா எழுதணும், "எக்ஸ் = மாணவர்கள்"னு எழுதினா ஏத்துக்க மாட்டேன், "எக்ஸ் = மாணவர்களோட எண்ணிக்கை"ன்னு இருக்கணும். ஒரு சொல்லு கூட இருந்தா என்ன ஆயிரப் போகுதுன்னு தோணும். ஒரு பேர்போன கணக்கு இருக்கு, ஒவ்வொரு பேராசிரியருக்கும் ஆறு மாணவர்கள், இதை ஈக்குவேஷனா எழுதுங்கன்னு. எஸ் மாணவர் எண்ணிக்கை, பி பேராசிரியர் எண்ணிக்கை. அமெரிக்கால காலேஜ் முதல் வருஷ இன்ஜினியரிங் பசங்ககிட்டயே இதைக் கொடுத்துப் பாத்தாங்க, மூணுல ஒரு பங்குக்கும் மேல தப்பு, அதுலயும் பெரும்பாலானவங்க எழுதினது 6எஸ் = பி. வாக்கியத்துல வந்த வரிசைலயே எழுதிட்டாங்க. எஸ்ங்கறது "மாணவர்"ங்கற சொல்லோட சுருக்கம்னு நெனச்சா 6எஸ் = பி சரியாத்தான் தெரியும், எஸ்ங்கறது ஒரு எண்ணுன்னு நெனச்சாத்தான் பேராசிரியர் எண்ணிக்கையை ஆறால பெருக்கினா மாணவர் எண்ணிக்கை வரும், எஸ் = 6பின்னு புரியும். அந்த ஒரு சொல்லைக் கட்டாயப்படுத்தறதுக்குக் காரணம் இதுதான். இந்தக் கணக்கை முதல் வாரமே கிளாஸ்ல கொடுத்துருவேன், ரெண்டு விடைக்கும் ரெண்டு கட்சி உருவாகி சண்டை போடறதைப் பாக்கறதே எனக்கு சந்தோஷமா இருக்கும், அன்னிக்கு நான் ஒன்னும் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

அழிக்கக் கூடாது. தப்புன்னு தெரிஞ்சா ஒரே ஒரு கோடு போட்டு அடிச்சிட்டு கீழ எழுதுங்க. அழிச்ச இடத்துல எனக்கு ஒன்னும் தெரியாது, அடிச்ச இடத்துல நீங்க என்ன நெனச்சீங்க, எங்க மனசு மாறுச்சுன்னு தெரியும்.

எல்லா ஸ்டெப்பும் காட்டணும்ங்கற ரூலை மட்டும் மாத்தி எழுதிட்டேன். ஒரு பையன் 2எக்ஸ் = 10க்கு நேரா 5ன்னு எழுதிட்டு ஒரு மார்க் போச்சுன்னு வந்து நின்னான், "மிஸ் இதுல காட்ட என்ன இருக்கு"ன்னு கேட்டான், எனக்கும் அதுல ஒன்னும் காட்டறதுக்கு இருந்த மாதிரி தெரியல. ஸ்டெப் எதுக்குக் கேக்கறேன்? விடை தப்பானா எங்க தடுக்குச்சுன்னு நான் கண்டுபிடிக்கணும், விடை சரியானா எப்படி வந்துச்சுன்னு பக்கத்துல இருக்கற பையன் படிச்சுப் புரிஞ்சுக்கணும். அந்த ரெண்டுக்கும் உதவாத ஸ்டெப் வேண்டாம். அதனால இப்ப ரூல் என்னன்னா, உன் பெஞ்சுல உக்காந்திருக்கறவங்க உங்கிட்ட ஒரு கேள்வியும் கேக்காம படிச்சுப் புரிஞ்சுக்கற அளவுக்கு எழுது. அஞ்சு மார்க் கணக்குன்னா ஈக்குவேஷன் அமைக்க ரெண்டு, போட்ட விதத்துக்கு ரெண்டு, விடைக்கு ஒன்னு. வெறும் விடை மட்டும் இருந்தா ஒன்னுதான், எவ்ளோ பெரிய மூளையா இருந்தாலும்.

கால்குலேட்டர் ஃபேக்டரைசேஷன் பாடத்துல கிடையாது, அங்க பெருக்கினா 24 கூட்டினா −11ன்னு வர்ற ரெண்டு நம்பரை மனசுல தேடறதுதான் பயிற்சியே. கிராஃப், வேர்ட் ப்ராப்ளம் வந்தா தாராளமா. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு நாள் −3க்கு மேல ஒரு 2ஐ போட்டு கால்குலேட்டர்ல தட்டச் சொல்லுவேன், பெரும்பாலான சயின்டிஃபிக் கால்குலேட்டர் −9னு காட்டும், அதையே எக்செல்ல அடிச்சா 9ன்னு காட்டும். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், ப்ராக்கெட் எங்க போட்டா சண்டை தீரும்னு பசங்க கண்டுபிடிச்சாங்கன்னா அன்னில இருந்து மெஷின் சொன்னதை அப்படியே நம்ப மாட்டாங்க.

ஹோம்வொர்க் பத்தி கொஞ்சம் நீளமா சொல்லணும், பேரண்ட்ஸ்கிட்ட இருந்து அதிகம் கேள்வி வர்றதும் இங்கதான். எட்டு கணக்குதான், அதுக்கு மேல கொடுக்கறதில்ல. நாலு அன்னிக்கு நடத்தினது, மூணு போன வாரத்துது, ஒன்னு போன மாசத்துது. ஏன் பழசுன்னா, மறதி எப்படி வேலை செய்யுதுன்னு 1885லயே எபிங்ஹாஸ்ங்கற ஜெர்மன் உளவியலாளர் தன் மேலயே சோதனை பண்ணி எழுதிட்டார், படிச்ச உடனே மளமளன்னு மறக்கும், அப்புறம் மெதுவா மறக்கும், நடுவுல நடுவுல திரும்ப எடுத்துப் பாத்தா நிக்கும். அது மட்டும் இல்ல, 20 கணக்கும் ஒரே மாதிரி கொடுத்தா பையன் முதல் கணக்குக்கு மட்டும்தான் யோசிப்பான், மிச்சம் 19ம் கை தானா போடும். கலந்து கொடுத்தாத்தான் இது எந்த வகைன்னு பாக்கற வேலை நடக்கும், டெஸ்ட்ல கேக்கறதும் அந்த வேலையைத்தானே. விடைகளை ஹோம்வொர்க்கோடயே கொடுத்துருவேன். காப்பி அடிப்பாங்களேன்னா, விடை மட்டும் தெரிஞ்சு ஒரு பிரயோஜனமும் இல்ல, வழியைத்தான் பாக்கறேன். விடை தெரியாம எட்டையும் ஒரே சைன் மிஸ்டேக்கோட போட்டுட்டு வந்தா அந்தத் தப்பை எட்டு தடவை பழகிட்டு வர்றாங்க, அதை எடுக்க எனக்கு ஒரு வாரம். சரி தப்புக்கு ஹோம்வொர்க்ல மார்க் கிடையாது, முயற்சி இருக்கா, தப்பான இடத்துல வேற கலர்ல திருத்தினது இருக்கான்னு மட்டும் பாப்பேன்.

ஃபோன்ல கணக்கை ஃபோட்டோ எடுத்தா எல்லா ஸ்டெப்பும் வந்துருது, ஏஐகிட்ட கேட்டா விளக்கமும் சேத்து வந்துருது, இதுக்கு என்ன பாலிசின்னு எல்லாரும் கேக்கறாங்க. தடை போட்டுப் பாத்தேன், வீட்ல யார் என்ன பண்றாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும், பிடிக்க முடியாத தடையை எழுதி வெச்சா உண்மை பேசற பசங்க மட்டும்தான் நஷ்டப்படுவாங்க. அதனால இப்ப இப்படி: பத்து நிமிஷம் நீயா முட்டிப் பாரு, அப்புறம் பாத்துக்கோ, பாத்தேன்னு ஓரத்துல எழுது. ஒரு தண்டனையும் இல்ல. ஆனா உன் நோட்டுல எந்த வரி மேல நான் விரலை வெச்சாலும் அது எப்படி வந்துச்சுன்னு நீ சொல்லணும். தினம் நாலு பேர், ஆளுக்கு ரெண்டு நிமிஷம், ரெண்டு வாரத்துல கிளாஸ் முழுக்க ஒரு சுத்து வந்துரும். சொல்ல முடியலன்னா திட்டறதில்ல, அந்த வரியைப் புரிஞ்சுக்கிட்டு நாளைக்கு வந்து சொல்லுன்னுதான் சொல்லுவேன். இது ஆரம்பிச்சப்புறம் சில பசங்க வரிக்கு வரி ஏன்னு தனக்குத்தானே கேட்டுக்கிட்டு எழுதறாங்க, அது நான் எதிர்பாக்காத பலன்.

லேட்டா தர்றதுக்கும் தராம விடறதுக்கும் முன்னாடி எல்லாரையும் போல ஜீரோ போட்டுட்டு இருந்தேன். ஒரு நாள் ரிப்போர்ட் போடறப்ப ஒரு பையனோட நம்பர்ஸைப் பாத்தேன், 80, 80, 80, 80, ஒன்னு மட்டும் தரல, 0. சராசரி 64. அவனுக்கு 64 அளவுக்குத்தான் தெரியும்னு எழுதப் போறேனா? அது பொய்யான நம்பர். கணக்கு டீச்சரே பொய்யான நம்பர் எழுதக் கூடாதுல்ல. இப்ப அந்தக் கட்டத்துல "இன்னும் வரல"ன்னு இருக்கும், அந்த யூனிட் டெஸ்டுக்கு முந்தின நாள் வரைக்கும் தரலாம், அதுக்கப்புறம் வாங்க மாட்டேன், ஏன்னா டெஸ்ட் முடிஞ்சப்புறம் அந்தப் பயிற்சியால பலன் ரொம்பக் கம்மி. தராதவங்க மதிய இடைவேளைல எங்கூட உக்காந்து போடணும்.

ரீடெஸ்ட் விஷயத்துல நான் ஒரு வருஷம் தப்பு பண்ணிருக்கேன். எத்தனை தடவை வேணா எழுதலாம்னு தாராளமா சொல்லிட்டேன், மனசுல நல்ல எண்ணம்தான், ஆனா ரெண்டு மாசத்துல பாதி கிளாஸ் முதல் டெஸ்டுக்குப் படிக்கறதையே விட்டுட்டாங்க, சும்மா ஒரு தடவை எழுதிப் பாத்துட்டு கேள்வி எப்படி வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் படிக்கலாம்னு. என் மேஜை மேல திருத்தாத பேப்பர் மலையா குவிஞ்சுருச்சு. இப்ப யூனிட்டுக்கு ஒரே ரீடெஸ்ட், அதுவும் திருத்தத் தாள் எழுதிட்டுத்தான். தப்பான ஒவ்வொரு கணக்குக்கும் இது சைன் மிஸ்டேக்கா, கேள்வியை சரியா படிக்காததா, விஷயமே புரியலையான்னு எழுதணும், "கேர்லெஸ் மிஸ்டேக்"னு மட்டும் எழுதினா திருப்பி அனுப்பிருவேன், எந்த இடத்துல என்ன கேர்லெஸ்னு சொல்லியாகணும். ரீடெஸ்ட் மார்க் பழைய மார்க்கை முழுசா மாத்திரும். ரெண்டோட சராசரி எடுக்கலாமேன்னு கூட வேலை பாக்கறவங்க சொல்லுவாங்க, முதல் தடவையே 90 எடுத்தவங்களுக்கு இது அநியாயம் இல்லையான்னும் கேப்பாங்க. நான் யோசிச்சுப் பாத்துட்டேன், 40 எடுத்தவ பத்து நாள் உழைச்சு 90 எடுத்தா இன்னிக்கு அவளுக்கு 90 தெரியும், 65ங்கறது அவ என்னிக்குமே இல்லாத ஒரு இடம். முதல்லயே 90 எடுத்தவங்ககிட்ட இருந்து நான் எதையும் எடுக்கல.

மொத்த மார்க்குல டெஸ்ட் 60 சதவீதம், ஃபைனல் 25, நோட்டும் திருத்தமும் 15. இந்த மூணு நம்பரையும் தாள்ல பெருசா போட்டிருப்பேன், ஏன்னா லீனியர் ஈக்குவேஷன் முடிஞ்ச வாரம் இதுதான் கணக்கு. உன் டெஸ்ட் சராசரி 70, நோட்டு 90, மொத்தம் 75 வேணும்னா ஃபைனல்ல எவ்ளோ எடுக்கணும்? 42 + 13.5 + 0.25எக்ஸ் = 75, எக்ஸ் = 78. சரி, 85 வேணும்னா? எக்ஸ் = 118. ஈக்குவேஷன் விடை கொடுத்துருச்சு, ஆனா நூத்துக்கு 118 யாரும் எடுக்க முடியாது, அப்ப விடை வந்துட்டா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம் இல்ல, அது கேள்விக்குப் பொருந்துதான்னு பாக்கணும்ங்கறது பசங்க வாழ்க்கைல இருந்தே வந்துருது. 85 வேணும்னா இப்பவே ரீடெஸ்ட் எழுதி அந்த 70ஐ மேல கொண்டு வரணும்னும் அதே ஈக்குவேஷன்தான் சொல்லுது. போன வருஷம் ஒரு பொண்ணு, டெஸ்ட் சராசரி 45, நோட்டு 80, எப்படியும் ஃபெயில்தான்னு முடிவு பண்ணி தலையைக் கவுத்துட்டே உக்காந்திருப்பா. மொத்தம் 50 வர ஃபைனல்ல என்ன வேணும்னு போட்டா, 27 + 12 = 39, மிச்சம் 11, எக்ஸ் = 44. 44 போதுமா மிஸ்னு ரெண்டு தடவை கேட்டா. நான் ஆறுதல் சொல்லியிருந்தா அவ நம்பியிருக்க மாட்டா, அவ கையாலயே போட்ட கணக்குங்கறதால நம்பினா.

"இது ஈஸிதானே"ங்கற வார்த்தை கிளாஸ்ல வேண்டாம், எனக்கும் சேத்துதான் இந்த ரூல். ஒருத்தர் ஈஸின்னு சொன்ன நிமிஷம், புரியாம உக்காந்திருக்கற பொண்ணு கையைக் கீழ இறக்கிருவா. அதோட அது உண்மையும் இல்ல. பிரம்மகுப்தர் 628லயே நெகட்டிவ் எண்களுக்கு கடன், சொத்துன்னு வெச்சு ரூல் எழுதிட்டார், அதுக்கு ஆயிரம் வருஷம் கழிச்சும் ஐரோப்பாவுல பெரிய பெரிய கணித மேதைங்க நெகட்டிவை எண்ணுன்னு ஒத்துக்கத் தயங்கினாங்க. அல் குவாரிஸ்மி ஒருபடி, இருபடிச் சமன்பாடுகளை ஆறு வகையா பிரிச்சுத்தான் போட்டார், ஏன்னா எல்லா உறுப்பும் பாசிட்டிவா இருக்கற மாதிரி வெச்சுக்கணும், இன்னிக்கு நாம அதை ஒரே ஃபார்முலால முடிக்கறோம்னா நடுவுல அத்தனை நூற்றாண்டு ஓடியிருக்கு. நாம எக்ஸ், ஒய்னு சர்வசாதாரணமா எழுதற பழக்கமே 1637ல பிரெஞ்சு கணித மேதை டெகார்ட் எழுதின புத்தகத்துக்கு அப்புறம்தான் நிலைச்சுது. இதெல்லாம் 40 நிமிஷ பீரியட்ல ஒரு குழந்தைக்குப் புரியலன்னா அந்தக் குழந்தைகிட்ட ஒரு குறையும் இல்ல.

கேள்வி கேட்டதும் யாரும் உடனே கத்தக் கூடாது, நானும் அஞ்சு வரைக்கும் மனசுல எண்ணிட்டுத்தான் பேர் சொல்லுவேன். மேரி பட் ரோங்கற ஆராய்ச்சியாளர் 1970கள்ல கிளாஸ்களைப் பதிவு பண்ணிக் கேட்டப்ப டீச்சர்ங்க சராசரியா ஒரு செகண்டுதான் காத்திருந்தாங்க, அதை மூணு செகண்டுக்கு மேல நீட்டினதும் பசங்க பதில் நீளமாச்சு, வழக்கமா பேசாதவங்களும் பேச ஆரம்பிச்சாங்க. ஃபோன் பைக்குள்ள. லேட்டா வந்தா சத்தமில்லாம வந்து உக்காரு, காரணம் பீரியட் முடிஞ்சு சொன்னா போதும்.

பசங்க எங்கிட்ட என்னென்ன எதிர்பாக்கலாம்னு அதே தாள்ல பின்பக்கம் எழுதியிருக்கேன். டெஸ்ட் பேப்பர் அஞ்சு நாள்ல திருத்தித் தருவேன். முதல் நாள் குறிப்பு மட்டும்தான் இருக்கும், மார்க் அடுத்த நாள். ரூத் பட்லர்ங்கற ஆராய்ச்சியாளரோட 1988 ஆய்வுல இதைப் பத்தி வருது, குறிப்பு மட்டும் வாங்கின பசங்க முன்னேறினாங்க, மார்க்கும் குறிப்பும் சேத்து வாங்கினவங்க வெறும் மார்க் வாங்கினவங்களை மாதிரியே நின்னுட்டாங்க. என் கிளாஸ்லயும் அதேதான் பாத்திருக்கேன், மார்க் இருந்தா கண்ணு நேரா அங்க போயிரும், நான் ராத்திரி உக்காந்து எழுதின நாலு வரியை ஒருத்தரும் படிக்கல. போர்டுல நான் தப்பு போட்டா சொல்லுங்க, சொன்னவங்களுக்கு எல்லார் முன்னாடியும் நன்றி சொல்லுவேன்.

பேரண்ட்ஸுக்கு ரெண்டே வரி. எனக்கும் சின்ன வயசுல கணக்கு வராதுன்னு குழந்தை முன்னாடி சொல்லாதீங்க, அவங்க அதை ரத்தத்துல வர்ற சொத்து மாதிரி எடுத்துக்கறாங்க. அல்ஜீப்ரா தெரியாட்டியும் பரவால்ல, நோட்டை எடுத்து ஏதோ ஒரு வரியைக் காட்டி "இது மேல இருக்கற வரில இருந்து எப்படி வந்துச்சு"ன்னு கேளுங்க, பதில் சரியா தப்பான்னு உங்களுக்குத் தெரியணும்னே இல்ல, சொல்ல முயற்சி பண்றப்பவே பாதி நேரம் அவங்களே தப்பைக் கண்டுபிடிச்சுருவாங்க.

தாளோட கடைசி வரி காலியா இருக்கும், அது கிளாஸ் எழுத வேண்டிய ரூல், காரணத்தோட. போன வருஷ கிளாஸ் எழுதினது, ஒருத்தர் போர்டுல போடும்போது பின்னாடி இருந்து யாரும் விடை சொல்லக் கூடாது, காரணம்: யோசிச்சுட்டு இருக்கறவங்களோட சந்தோஷத்தை நாம எடுத்துக்கறோம்.

எல்லாம் முடிஞ்சு பிரிண்ட் எடுக்கப் போனப்ப ஒரு இடத்துல நின்னுட்டேன். ரீடெஸ்ட் 10 நாளுக்குள்ள எழுதணும்னு போட்டிருக்கேன், பக்கத்துல காரணம் காலியா இருந்துச்சு. ஏன் 10, ஏன் 14 இல்லன்னு அந்த மார்ஜின் பொண்ணு மாதிரி யாராவது கண்டிப்பா கேப்பாங்க. மறதி, அடுத்த யூனிட்னு நல்லா கேக்கற மாதிரி ஏதாவது எழுதலாம்தான், ஆனா அது நான் 10ன்னு முடிவு பண்ணதுக்குக் காரணம் இல்ல. கடைசில இப்படி எழுதிட்டு பிரிண்ட் கொடுத்துட்டேன்: "காரணம்: அதுக்கு மேல போனா அடுத்த யூனிட் பேப்பரும் சேந்துரும், மிஸ்ஸால அஞ்சு நாள்ல திருத்தித் தர முடியாது."